காரம் போகாத சோப்பு

ஆடி நோம்பிக்கு மறுநாள் காலையில் காளிச்சாமி தன் பெண்டாட்டி ராசாத்தாளைக் கொண்டையைப் பிடித்து இழுத்து, தறியின் இரும்புச் சட்டத்தில் பின்மண்டை மோதத் தள்ளினான். காரணம் வேண்டுமென்றால் ஒன்று இருக்கிறது. நூல் விலை ஏறி, நெய்யப் பாவு கொடுக்கிறவர்கள் கையை விரித்து, அவனுடைய நாலு தறியும் சத்தமில்லாமல் கிடந்தன. சீட்டாடக் காசு கேட்டான். சோப்பு விற்ற காசு மகளுடைய பரீட்சைக் கட்டணத்துக்கு என்று அவள் சொன்னாள். அவ்வளவுதான். அந்தத் தொண்ணூற்றாறாம் வருஷம் சோமனூர்ப் பக்கத்தில் தறி நின்றுபோன வீடுகளில் இதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் அடி விழுந்தது. தறி ஓடின வருஷங்களில் விழவில்லையா என்றால், அப்போதும் விழுந்தது. தறிச் சத்தத்தில் கேட்கவில்லை.

மண்டை உடையவில்லை. ரத்தமும் வரவில்லை. நோம்பிக்கு வந்த ஒறம்பரைச் சனம் முன்கட்டு ஆசாரத்தில் உட்கார்ந்து கச்சாயம் தின்றுகொண்டிருந்தது. வீக்கத்தை முந்தானையால் அழுத்திக்கொண்டு போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

தலைச்சுற்றல் நின்ற பிறகு ஒருநாள் கொள்ளு ரசம் தாளித்தாள். கறிவேப்பிலை வெடித்தது, வாசம் வரவில்லை. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தாள். ரசத்தை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். சுடுதண்ணீர். இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டு நக்கினாள். சுடுதண்ணீரேதான். அன்றைக்குச் சோற்று வட்டல் ஆசாரத்திலிருந்து வாசலுக்குப் பறந்தது.

"மனுசன் திங்கற சோறாடி இது? உப்பு மூட்டையக் கவுத்துப்போட்டியா?"

"கை தவறிப்போச்சுங்க," என்றாள் ராசாத்தாள்.

மறுநாளிலிருந்து உப்பைக் கரண்டியால் அளந்து போட்டாள். வேறொரு பொம்பளைக்கு விஷயம் சமையற்கட்டோடு முடிந்திருக்கும். ராசாத்தாளுக்கு மூக்கும் நாக்கும்தான் தொழில்.

மூணு வருஷத்துக்கு முன்னால் அவினாசியில் பொம்பளைகளுக்கு இலவசப் பயிற்சி நடந்தது. ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் கூட்டம் அள்ளியது. காஸ்டிக் சோடா பட்டால் கை வெந்துபோகும் என்று சோப்புப் பக்கம் யாரும் ஒதுங்கவில்லை. ராசாத்தாள் போனாள். தண்ணீரில் காஸ்டிக்கைக் கொட்டினால் அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும். அந்த ஆவி தொண்டையைப் பிடிக்கும். துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு, காற்று வருகிற பக்கம் திரும்பி நிற்க வேண்டும். ஆறினதும் அதைத் தேங்காயெண்ணெயில் ஊற்றி விடாமல் கிண்ட வேண்டும். எண்ணெய் முதலில் மோர் மாதிரி வெளுத்து, பிறகு இட்லி மாவுப் பதத்துக்கு வரும். துடுப்பிலிருந்து சொட்டுவது மேலே கோடாக நின்றால் பதம் சரி. மஞ்சளோ குப்பைமேனியோ பொடித்துப் போட்டு, பலகைத் தட்டில் ஊற்றிச் சாக்கைப் போட்டு மூடினால், தனக்குத்தானே சூடாகித் தானே இறுகும். மறுநாள் பாவு நூலை முறுக்கி இழுத்து அறுத்தால் கட்டி கட்டியாக விழும். ஓடாத தறிகளின் மேல் பலகை போட்டு அவற்றை அடுக்கிவைத்தாள். தறிக்குடோனில் அவை மட்டும்தான் அந்த வருஷம் வேலை செய்துகொண்டிருந்தன.

அறுத்த கையோடு அந்தச் சோப்பைத் தேய்த்துக் குளிக்கக் கூடாது. உள்ளே காரம் நிற்கும். ஒரு மாதம் காற்றில் கிடந்து அடங்க வேண்டும். அடங்கினதா என்று பார்க்கப் பயிற்சியில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஈரச் சோப்பில் ஒட்டினால் தாளின் நிறம் காட்டிக்கொடுக்கும். தாள் இல்லாவிட்டால் நுனி நாக்கை வைத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். காரம் இருந்தால் கரண்ட் கம்பியை நக்கினது போல் சுரீரென்று கடிக்கும். ராசாத்தாள் தாள் தீர்ந்த பிறகு வாங்கவே இல்லை. தாளுக்குக் காசு. நாக்கு ஓசி. பொம்பளை உடம்பில் எதற்குத்தான் காசு கொடுத்தார்கள்? மூணு வருஷமாகத் தட்டுத் தட்டாக நக்கினதில் நுனி முன்பே தடித்துப் பாதி மரத்துத்தான் இருந்தது. மிச்சத்தை மூக்கோடு சேர்த்துத் தறிச்சட்டம் எடுத்துக்கொண்டது.

டாக்டரிடம் போயிருக்கலாம். போனால் எப்படி அடிபட்டது என்று கேட்பார். அதைவிட, ராசாத்தாளுக்கு நாக்குச் செத்துப்போச்சு என்று ஊருக்குத் தெரிந்தால் அவள் சோப்பை யார் வாங்குவார்கள்? சோப்பு விற்காவிட்டால் மகள் புவனா காலேஜுக்குப் போக முடியாது. இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. பேச்சே அப்படித்தான்.

புவனா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், பல்லடத்திலிருந்து காளிச்சாமியின் அக்கா வந்து உட்கார்ந்தாள். அவள் மகன் கோழிப்பண்ணை வைத்திருந்தான். முறை மாப்பிள்ளை.

"பொட்டப்புள்ள படிச்சு என்ன கலெக்டராவா ஆகப்போகுது? எங்கக்கா கேக்கறா, குடுத்துப்போடலாம்," என்றான் காளிச்சாமி.

"நானு படிக்க வெச்சுக்கறனுங்க. உங்க காசு வேண்டாம். சோப்புக் காசு போதும்."

காளிச்சாமி அக்காவைப் பார்த்துச் சிரித்தான். "செரி. சோப்பு ஓடற மட்டும் காலேஜு ஓடட்டும். சோப்பு நின்னா அந்த மாசமே தாலி. என்னக்கா?"

"ஆகட்டும் சாமி. என்ற மவனுக்கு என்ன, கோழி எண்ணிக்கிட்டுக் காத்திருப்பான்."

"அத்தை, கோழிய எண்ணவாச்சும் அத்தானுக்குத் தெரியுமுங்களா? எட்டாப்புல மூணு தடவை ஒக்காந்தாரே," என்றாள் புவனா.

"பாருடா, வாயப் பாரு! எம்பட ஊட்டுக்கு வா, அந்த வாய ஊசி நூலு போட்டுத் தெச்சுப்போடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ராசாத்தாள் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பில் எத்தனை பங்கு நிஜம் என்று அவளுக்குத் தெரியும்.

புவனா திருப்பூரில் பெண்கள் கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். அந்தக் குடும்பத்தில் ரெண்டு பக்கத்திலும் சேர்த்துப் பார்த்தாலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதற்காக யாரும் கச்சாயம் சுடவில்லை. இப்போது ரெண்டாம் வருஷம்.

மற்ற எல்லா வேலையும் ராசாத்தாளுடையது, எண்ணெய் வாங்கி வருவது மட்டும் காளிச்சாமி. பொள்ளாச்சியில் நசுருதீன் பாயின் எண்ணெய் மில்லிலிருந்து டின்னை பஸ்ஸில் ஏற்றி வருவான். நசுருதீன் எண்ணெயை நம்பலாம். நடுவில் சுமந்து வருகிறவனைத்தான் நம்ப முடியாது. ஆவணியில் அவன் வழியில் ஒரு பஜ்ஜிக் கடையில் கொஞ்சம் எண்ணெயை விற்று, காசைச் சீட்டுக்கு வைத்துக்கொண்டு, குறைந்ததற்கு ரேசன் பாமாயிலை ஊற்றினான். பயந்துகொண்டேதான் கொண்டுவந்து இறக்கினான். ஒருமுறை அடிமண்டி எண்ணெய் வந்ததை டின் மூடியைத் திருகும்போதே மோந்து சொன்னவள் அவள்.

இந்தத் தடவை மூடியைத் திறந்தாள், எட்டிப் பார்த்தாள், அளந்து ஊற்றினாள். ஒன்றும் சொல்லவில்லை.

அடி வாங்கினதில் அடங்கிப்போனாள் என்று காளிச்சாமி நினைத்துக்கொண்டான். அவனுக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. புரட்டாசி டின்னில் பாதிக்குப் பாதி பாமாயில்.

தேங்காயெண்ணெய் கேட்கிற காஸ்டிக் அதிகம், பாமாயில் கேட்பது குறைவு. ராசாத்தாள் வழக்கம் போல முழு டின்னும் தேங்காயெண்ணெய் என்று அளந்து போட்டாள். ஆவணிச் சோப்பு எப்படியோ தப்பித்தது. புரட்டாசிச் சோப்பில் மிச்சக் காஸ்டிக் போக இடமில்லாமல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. எத்தனை நாள் காய்ந்தாலும் லேசில் போகாத காரம். தீபாவளிக்கென்று போட்ட தட்டுகள் அவை. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடைக்காரர் கூடுதலாகக் கேட்டிருந்தார்.

மாதம் முடிந்த அன்று காலை, ராசாத்தாள் தறிகளின் நடுவே நின்று ஒரு கட்டியை நனைத்து நாக்கை வைத்தாள். ஒன்றும் கடிக்கவில்லை. நெருப்புத் துண்டை வைத்தாலும் கடிக்காது என்பது அவளுக்கே தெரியும். முழங்கையில் தேய்த்துப் பார்த்தாள். மூணு வருஷம் காஸ்டிக்கில் புழங்கின தோல், அதற்கும் தெரியவில்லை. புவனா சடையைப் பின்னிக்கொண்டே வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, இங்க வா. இதுல கொஞ்சம் நாக்க வெச்சுப் பாரு."

"நானா? ஐயே, எனக்கெதுக்கும்மா?"

"ஒரு நிமிசம் கண்ணு. எனக்குச் சளி புடிச்சிருக்குது, தெரிய மாட்டேங்குது."

"மொத பஸ்ஸு போயிட்டா அப்புறம் நின்னுக்கிட்டே போகோணும்மா. நீயே பாத்துக்கம்மா, உனக்குத் தெரியாததா?"

பை தோளில் ஆட ஓடிவிட்டாள். அவள் மேல் என்ன தப்பு? சளி என்று சொன்னாள் அம்மா, சளி என்று நம்பினாள் மகள். ராசாத்தாள் அன்று பகல் முழுக்க வேறு யாரைக் கேட்பது என்று யோசித்தாள். கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். கணக்குப்படி மாதம் முடிந்துவிட்டது, மூணு வருஷத்தில் ஒரு தட்டும் கெட்டதில்லை. அதை நம்பிக் காகிதம் சுற்ற உட்கார்ந்தாள்.

பொழுதோட, வெயில் தாழ்ந்ததும், பக்கத்து வீட்டுக் கனகம் வந்தாள். கனகம் ராசாத்தாளைவிட நாலைந்து வயது பெரியவள். மகள் கீதா தலைச்சன் பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் வீட்டில் இருந்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு வந்ததில் கனகத்தின் சேலை முழுக்க ஈரம்.

"ஏ ராசாத்தா, மஞ்ச சோப்பு ரெண்டு குடு. பேத்திக்கு இனிமே உன்ற சோப்புத்தான். கடைச் சோப்பு போட்டா வறவறங்குது."

"பச்சைப்புள்ளைக்கு இப்பவே வேண்டாங்கக்கா. பயத்தமாவே போதும்."

"அட, உன்ற சோப்புல என்னடி இருக்குது? தேங்காண்ணெயும் மஞ்சளும். அவ அப்பன் ஊட்டுலருந்து தீவாளிக்கு வராங்க, புள்ள பளபளன்னு இருக்க வேண்டாமா? ஏற்கெனவே கறுப்பா பொறந்திருக்குதுன்னு அந்தச் சம்பந்தி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறா. அவ மட்டும் என்னமோ வெள்ளக்காரிக்குப் பொறந்தாப்புல!"

ராசாத்தாள் சிரித்தாள். ஆனாலும் கை சோப்பை எடுக்கவில்லை.

"என்னடி, எடுத்துக் குடு. காசு கொடுக்காம ஓடிப்போயிருவனா?"

"அதுக்கில்லீங்கக்கா. இந்தத் தட்டு இன்னும் கொஞ்ச நாள் காயட்டுமேன்னு..."

"அங்க கடைக்குக் காகிதம் சுத்தறே, எனக்கு மட்டும் காயலையா? ஆரெஸ்புரத்துக்காரிக்குன்னா காஞ்சுபோகும், கனகத்துக்குன்னா காயாது. அப்படித்தான?"

பதில் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் காகிதம் சுற்றுவதையும் நிறுத்த வேண்டும். ராசாத்தாள் ரெண்டு கட்டியை எடுத்துக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் எண்ணெய் தேய்த்து, அந்த மஞ்சள் சோப்பைப் போட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். அது வீறிட்டது. குளிப்பாட்டினால் எந்தக் குழந்தைதான் அழாது? மறுநாள் நல்ல நாளாச்சே என்று இன்னும் அழுத்தித் தேய்த்தார்கள். மத்தியானத்துக்குள் அக்குளிலும் தொடை இடுக்கிலும் கழுத்து மடிப்பிலும் தோல் செக்கச் சிவந்து, கொப்புளம் கட்டி, துணி பட்ட இடமெல்லாம் வழன்று வந்தது. பட்டாசுச் சத்தத்துக்கு நடுவில் காரை எடுத்துக்கொண்டு கோயமுத்தூருக்கு ஓடினார்கள். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எதைப் போட்டுக் குளிப்பாட்டினீர்கள் என்பது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. கனகம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பின அன்று தன் வீட்டுக்குள் போகவில்லை. நேராக ராசாத்தாளின் வாசலுக்கு வந்தாள். பாதி கரைந்த மஞ்சள் சோப்பைக் கையில் வைத்திருந்தாள். பின்னால் தெருவில் பாதிப் பேர்.

"வெளிய வாடி! ராசாத்தா! வெளிய வா!"

ராசாத்தாள் வந்தாள். கனகம் சோப்பை அவள் காலடியில் எறிந்தாள்.

"என்ற பேத்தி ஒடம்பப் போய்ப் பாருடி. உரிச்ச கோழியாட்டம் படுத்துக் கெடக்குது. பால் குடிக்க மார்ல போட முடியல, தொட்டா தோலு கையோட வருது. அவ மாமியாக்காரி என்ன சொல்றா தெரியுமா? பொட்டப்புள்ளைன்னு வேணும்னே பண்ணிப்போட்டீங்களான்னு கேக்கறாடி! என்னையக் கேக்கறா!"

"அக்கா..."

"அக்காங்காத. கேட்டதுக்குப் பதில் சொல்லு. நாக்க வெச்சுப் பாத்துட்டுத்தான விப்பே? பாத்தியா, இல்லையா?"

"பாத்தனுங்கக்கா."

"பாத்தியா? பாத்துப்போட்டுமா குடுத்தே?"

வீட்டுக்குள்ளிருந்து காளிச்சாமி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தான். கூட்டத்தைப் பார்த்தான். தான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று முடிவு செய்ய அவனுக்கு நேரமே ஆகவில்லை.

"நானு அப்பவே சொன்னனுங்க. இந்தக் கருமமெல்லாம் நமக்கு எதுக்கு, சோத்த ஆக்கிட்டு ஊட்ல கெடன்னு. கேட்டாளா? காசு, காசு. தீவாளி ஏவாரத்துல கண்ணு மண்ணு தெரியாம அவசரப்பட்டுப்போட்டா. பாவி, ஒரு பச்சைப்புள்ளைய..." அவன் தலையில் அடித்துக்கொண்டான். நன்றாகவே அடித்துக்கொண்டான்.

ராசாத்தாள் அவனை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அப்போதும் பாமாயில் தெரியாது. தப்பு முழுக்கத் தன்னுடையது என்றே நம்பினாள்.

புவனா காலேஜிலிருந்து வந்தபோது வாசலில் அந்தச் சோப்பு கிடந்தது. பஸ் நிறுத்தத்திலேயே சேதி சொல்லிவிட்டிருந்தார்கள். குனிந்து அதை எடுத்து, எச்சில் தொட்டு நனைத்து, நாக்கை வைத்தாள். வைத்த வேகத்தில் துப்பினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா மேல் வந்த கோபம் அதைவிட எரிந்தது.

சமையற்கட்டில் ராசாத்தாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீ இதுல நாக்க வெச்சியாம்மா? நெசமாச் சொல்லு."

"வெச்சேன்."

"வெச்சிருந்தா ரெண்டு நாளைக்குச் சோறு திங்க முடியாது. இத்தன காரத்த வெச்சுக்கிட்டு எப்படிம்மா குடுத்தே? எனக்காகவா? என்ற பீஸுக்காகவா ஒரு கொழந்தையப் பொசுக்குனே? அப்படிப் படிக்கோணுமா நானு?"

புவனா திரும்பிக்கொண்டாள். அடுப்பைப் பார்த்தாள். மேடையில் உப்பு டப்பா, அதற்குள் கரண்டி. அம்மா எப்போதிலிருந்து உப்பைக் கரண்டியால் அளக்கிறாள்? ஆடியில் வட்டல் பறந்தது நினைவுக்கு வந்தது. ஒரு வாரம் முன்பு புளித்து நாறின மோரை அம்மா ஊற்றிக்கொண்டு சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. அவள் காப்பி போட்டாள். சர்க்கரை போடவில்லை. உப்பை ரெண்டு கரண்டி போட்டுக் கலக்கி அம்மாவிடம் நீட்டினாள்.

ராசாத்தாள் ஒரு மடக்குக் குடித்தாள். மகள் தன்னையே பார்ப்பதைக் கண்டு இன்னொரு மடக்குக் குடித்தாள்.

"சக்கரை கொஞ்சம் தூக்கலாப் போட்டுப்போட்டயா கண்ணு?" என்றாள்.

புவனா டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். அம்மாவின் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எப்பருந்தும்மா?"

"என்னது?"

"எப்பருந்து உனக்கு ருசி தெரியல?"

ராசாத்தாள் மகளின் கைகளை முகத்திலிருந்து எடுத்துவிட்டாள். "ஆடி நோம்பிக்கு மக்கா நாளு," என்றாள். "வாசமும் தெரியறதில்ல."

அந்த ஆடி மறுநாளில் புவனா காலேஜுக்குப் போயிருக்கவில்லை. பக்கத்து அறையில்தான் இருந்தாள். மண்டை இடித்த சத்தம் அவள் காதிலும் விழுந்தது. எழுந்து தறிக்குடோனுக்குப் போனாள். மூலையில் புரட்டாசி டின் கிடந்தது. மூடியைத் திறந்து மோந்தாள். ரேசன் கடையில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் தெரிந்த வாசம்.

கூட்டம் இன்னும் கலையவில்லை. காளிச்சாமி நடுவில் நின்று ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி நியாயமாகப் பேசிக்கொண்டிருந்தான். புவனா டின்னைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் வைத்தாள்.

"மோந்து பாருங்க. இது தேங்காண்ணெயா? அப்பா, இதுல பாமாயில் ஊத்துனது ஆரு?"

"ஏய், உள்ள போடி."

"பொள்ளாச்சிலருந்து தூக்கிட்டு வந்தது நீங்கதான? எங்கம்மாவுக்கு மூக்கு இருந்திருந்தா அன்னைக்கே டின்னத் தூக்கி வீதில கொட்டியிருக்கும். மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல. ஆடி மாசம் நீங்க தறில மண்டைய மோதுனீங்களே, அதுல போச்சு. இத்தன நாளும் ஒண்ணும் தெரியாமத்தான் சோறாக்குச்சு, ஒண்ணும் தெரியாமத்தான் சோப்புப் போட்டுச்சு. எல்லாரும் கேட்டுக்கங்க. அந்தப் புள்ளையப் பொசுக்குனது எங்கப்பன்!"

இப்போது எல்லோரும் காளிச்சாமியைப் பார்ப்பார்கள், யாராவது ஒருத்தராவது அவன் சட்டையைப் பிடிப்பார்கள் என்று புவனா நினைத்தாள். பத்தொன்பது வயது. நினைக்கத்தான் செய்வாள்.

காளிச்சாமி தொண்டையைச் செருமினான். "பாமாயிலு நாமெல்லாந் திங்கறதுதான? வெசமா ஊத்துனேன்? புருசன் பொண்டாட்டிக்குள்ள ஒரு அடி விழுந்தா அதையெல்லாம் ஒரு பேச்சுன்னு வீதில வந்து..."

கூட்டத்தில் வயதான ஒருவர் தலையை ஆட்டினார். "அதைச் சொல்லு. எந்த ஊட்ல அடிக்கல?"

புவனா கனகத்தைப் பார்த்தாள். கனகமும் அடி வாங்கினவள். அவள் புருஷன் சாகும் வரைக்கும் அடித்தான் என்பது தெருவுக்கே தெரியும். கனகம் ராசாத்தாளின் பக்கத்தில் வந்து நின்றாள். ராசாத்தாளின் பின்மண்டையை ஒருதரம் தடவக்கூடத் தடவினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"அடிச்சான்னா என்ற கிட்டச் சொல்லியிருக்கலாமேடி. நானு என்ன அடி வாங்காதவளா? ஒட்டுக்கா உக்காந்து அழுதிருப்பம். ஆனா நாக்குச் செத்தவ, செத்துப்போச்சுன்னு தெரிஞ்சவ, எதுக்குடி என்ற பேத்திக்குச் சோப்புக் குடுத்தே? உன்ற மவ படிக்கோணும். அதுக்கு எம்பட புள்ள வேகோணுமா?"

அடித்தவனிடம் ஒரு கேள்வியும் இல்லை. கலப்படம் செய்தவனிடம் ஒரு கேள்வியும் இல்லை. தெரிந்திருந்தும் வாய் திறக்காதவளிடம்தான் கேள்வி. இதில் உள்ள கொடுமை என்னவென்றால், கனகம் கேட்டது நியாயமும்கூட. ராசாத்தாள் அவள் காலில் விழுந்தாள். கனகம் விலகிப் போய்விட்டாள். இன்றைக்கு வரைக்கும் ரெண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

ஆர்.எஸ்.புரத்துக் கடைக்காரர் மீதிச் சோப்பைப் பெட்டியோடு திருப்பி அனுப்பினார். கொல்லையில் பொடக்காணிக்குப் பின்னால் குழி வெட்டித் தாயும் மகளும் எல்லாவற்றையும் கொட்டி மூடினார்கள். இனிமேல் தானே நாக்கு வைத்துப் பார்ப்பதாகவும், நசுருதீன் பாயிடம் தானே போய் எண்ணெய் வாங்குவதாகவும் புவனா சொன்னாள். தெருத் தெருவாகப் போய்க் கேட்டும் பார்த்தாள். ஒரு வீட்டிலும் வாங்கிக்கொள்ளவில்லை. "வேண்டாம் அம்மணி, தப்பா நெனைச்சுக்காத," என்று மரியாதையாகவே சொன்னார்கள். எங்கள் ஊரில் கதவைச் சாத்தும்போதுகூட மரியாதை குறையாது.

கார்த்திகையில் பல்லடத்து அக்கா தட்டில் பூவும் தேங்காயும் வைத்துக்கொண்டு வந்தாள். சோப்பு நின்றுவிட்டது, பேச்சுப் பேச்சுதானே. காளிச்சாமி புதுச் சட்டை போட்டிருந்தான். தறிக்குடோனில் புவனா பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ராசாத்தாள் அக்காவுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"ஏனுங்க அண்ணி, தட்ட எடுத்துட்டுப் போயிருங்க. காலேஜு நிக்கல."

"சோப்புத்தான் நின்னுபோச்சே அம்மணி."

"நாளைலருந்து திருப்பூரு சாயப்பட்டறைக்குப் போறனுங்க. பேசியாச்சு."

காளிச்சாமி எழுந்தான். "என்னடி சொன்னே? சாதிசனம் காறித் துப்பாது? சாயப்பட்டறைல நம்ம பொம்பளைக வேலைக்குப் போறாங்களா?"

"கரண்டு பில்லு நீங்க கட்டறீங்களா? நூலுக்காரனுக்கு நீங்க பதில் சொல்றீங்களா?" ராசாத்தாளின் குரல் உயரவே இல்லை. "அடிக்கறதுன்னா அடிச்சுப்போடுங்க. இன்னொருக்கா அடிச்சாப் போறதுக்கு என்ற கிட்ட ஒண்ணுமில்லீங்க."

அவன் கை ஓங்கவில்லை. வெட்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாதம் பிறந்தால் வீட்டுக்குச் சம்பளம் வரும் என்ற கணக்கு அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பட்டறையில் பனியன் துணியை வெளுக்கிற இடத்தில் ஆள் தங்குவதே இல்லை. பிளீச்சிங் நெடி மூக்கைத் துளைத்து, கண்ணை எரித்து, வருகிறவர்கள் ஒரு வாரத்தில் ஓடிப்போவார்கள். ராசாத்தாள் ஓடவில்லை. எரிகிற கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டு, மற்றவர்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு நிற்கிற தொட்டிப் பக்கம் வெறும் முகத்தோடு நின்றாள். சூப்பர்வைசருக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. "இந்தம்மா மாதிரி நாலு பேரு இருந்தாப் போதும், ஒரு நொட்டைச் சொல்லு கெடையாது," என்று முதலாளியிடமே சொன்னார். தை மாதத்திலிருந்து அவளுக்கு இருமல் பிடித்தது. பனி என்றாள்.

காளிச்சாமி டீக்கடையில் உட்கார்ந்து, என்ன கஷ்டம் வந்தாலும் மகளை நிறுத்தாமல் படிக்க வைப்பதாகச் சொல்லிக்கொண்டான். கேட்டவர்கள் பாராட்டவும் செய்தார்கள்.

காலேஜ் விடுகிற நேரம் வேறு, பட்டறை விடுகிற நேரம் வேறு என்பதால் தாயும் மகளும் ஒரே பஸ்ஸில் வந்ததில்லை. மூன்றாம் வருஷத்தில் ஒருநாள் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து புவனா தாமதமாக ஏறினாள். தோழிகள் ரெண்டு பேரோடு பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. பட்டறை நிறுத்தத்தில் யாரோ ஏறினார்கள். ஆள் தெரியுமுன் நெடி வந்தது. பிளீச்சிங் பவுடரும் வெந்த சாயமும் வியர்வையும் கலந்து தொண்டையைப் பிடிக்கிற நெடி.

"ஐயோ, என்னடி இது, கொமட்டுது," என்று ஒரு தோழி தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

முன்னால் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பொம்பளை, மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நகர்ந்தாள். அவள் பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள். கண்டக்டர் மூக்குக்கு மேல் கர்சீப்பைக் கட்டிக்கொண்டு, டிக்கெட்டைக் கையை நீட்டித் தூரத்திலிருந்தே கிழித்துக் கொடுத்தான். காலியான சீட்டில் ராசாத்தாள் உட்கார்ந்தாள். சோற்றுத் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு நிம்மதி.

புவனா தோழிகளைப் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். மூச்சை அடக்கிக்கொண்டுதான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடக்காமல் முடியவில்லை.

"அட, கண்ணு! நீயும் இதுலதான் வாரியா?" ராசாத்தாள் இருமிக்கொண்டே மகளின் கையைப் பிடித்தாள். அந்தக் கை வெளுத்து, விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. "நல்ல கூட்டம், பாரு. ஆனா எனக்கு ஒருநாளும் நிக்கற வேலையே இல்ல. நானு ஏறுனா எப்படியும் ரெண்டு பேரு எந்திரிச்சு எடம் உட்டுப்போடறாங்க. ஒடம்பு முடியாதவன்னு பாவம் பாக்கறாங்களாட்ட இருக்குது. நல்ல சனம் கண்ணு."